தோள் நோவையும் கேளுங்கள்: பெண்நோயியல் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வைத்தியசாலைகளில் பணியாற்றும் பெண்நோயியல் விசேட வைத்திய நிபுணர்களுக்கும், மயக்க மருந்து நிபுணர்களுக்கும், சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் பெண்கள் விடுதிகளிலும் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கமராவால் பார்த்துச் செய்யும் லப்பரஸ்கோபி முறையில் சூலகக் கட்டி அகற்றிக்கொண்டவர்கள், கருப்பையை எடுத்தவர்கள், குழாயில் தங்கிய கருவுக்காக அவசரமாக மேசையில் ஏறியவர்கள், இனிப் பிள்ளை வேண்டாம் என்று குழாய் கட்டிக்கொண்டவர்கள் எனப் பல பெண்கள் வீட்டுக்குப் போன பின் முறையிடுவது வயிற்று நோவைப் பற்றி அல்ல, தோள் நோவைப் பற்றி. வயிற்றில் இருக்கும் மூன்று நான்கு சிறு காயங்களை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கத்தியே படாத தோள் ஏன் இப்படிக் குத்துகிறது என்பதுதான் அவர்களுக்கு விளங்குவதில்லை. இந்த நோவு ஏன் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் குறைக்கும் வழிகளும் தெரியும். அவற்றில் ஒன்றுக்கு வேண்டிய விறைப்பு மருந்து, அதாவது போட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து, உங்கள் கூடத்து அலமாரியிலேயே இருக்கிறது. அது எல்லாப் பெண்களுக்கும், எல்லா வைத்தியசாலைகளிலும், எந்த நிபுணரின் சத்திரசிகிச்சைப் பட்டியலில் இருந்தாலும் ஒரே விதமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் பெண்கள் சத்திரசிகிச்சை விடுதிகளில் நீண்டகாலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த காலத்தையும், கமரா வந்த பிறகான காலத்தையும் பார்த்திருக்கிறேன். பழைய முறையில் ஒரு கிழமை கட்டிலில் கிடந்தவர்கள் இன்று ஓரிரு நாளில் எழுந்து நடக்கிறார்கள். அந்த முன்னேற்றத்தை நான் ஒரு துளியும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் விரைவாக வீட்டுக்குப் போய்விடுவதால்தான் இந்த நோவு நம் கண்ணில் படாமல் போகிறது. காலையில் விடுதிச் சுற்றில் படுத்திருக்கும் பெண்ணிடம் "வயிறு நோகிறதா?" என்று கேட்கிறோம். "இல்லை, பரவாயில்லை" என்கிறாள். மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, உடுத்து, வீட்டுக்கு அனுப்பும் துண்டை எடுத்துக்கொண்டு போகும்போது நோவு தொடங்குகிறது. அது உச்சத்துக்கு வரும் நேரம் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு மறுநாள். அப்போது அவள் படுவான்கரையிலோ, வாகரையிலோ, பொத்துவிலிலோ தன் வீட்டில் இருப்பாள்.

வீட்டில் நடப்பதை நான் இப்போதுதான் அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒப்பரேஷன் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வலது தோளின் நுனியில், சிலருக்கு இரண்டு தோளிலும், கழுத்தடி வரை உளைவு. மூச்சை ஆழமாக இழுத்தால் குத்து. படுத்தால் தணிகிறது, எழுந்தால் கூடுகிறது. "மாரடைப்பு வருவதற்கு முன் தோள்தான் உளையுமாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றிரவு நித்திரை இல்லை. மாமியார் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்ப்பார். அக்கா சித்தாலேப பூசுவார். தோளில் பிழை இல்லாதபோது தோளைத் தேய்த்து எவ்வளவு பலன் கிடைக்கும்? இரவு முழுக்க விழித்திருந்து, விடியக்காலையில் ஆட்டோ பிடித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். அங்கே ஈசீஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, வாயு என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் அந்தப் பெண்ணைக் காயப்படுத்துகிறது. நோவு இருக்கிறது. காரணமும் இருக்கிறது.

இதை வாசிக்கும் பெண்களுக்காகவும் அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கமராவால் உள்ளே பார்ப்பதற்கு வயிற்றுக்குள் இடம் வேண்டும். அதற்காகக் காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றுகிறார்கள். அழுத்தம் வழமையாக 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும். வயிறு எழும்பும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள பிரிமென்றகடும் மேலே தள்ளப்பட்டு இழுபடுகிறது. அந்த வாயு ஈரத்தில் கரைந்து காபோனிக் அமிலமாகி வயிற்றறைச் சவ்வை உறுத்துகிறது. வேலை முடிந்ததும் வாயுவை வெளியேற்றினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். பெண்நோயியல் சத்திரசிகிச்சையில் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தியே படுக்க வைக்கிறார்கள். பிறகு அவள் எழுந்து உட்காரும்போது எஞ்சிய வாயு மேலே ஏறிப் பிரிமென்றகட்டின் அடியில் போய்த் தங்குகிறது. பிரிமென்றகட்டுக்குப் போகும் நரம்பு கழுத்து முள்ளந்தண்டின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களில் இருந்து புறப்படுகிறது. தோள் நுனித் தோலின் உணர்ச்சியும் அதே மூன்றாம், நான்காம் மட்டங்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது. பிரிமென்றகடு எழுப்பும் முறைப்பாட்டை மூளை தோளில் இருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இவ்வளவையும் சொல்ல வேண்டாம். "வயிற்றுக்குள் வாயு ஏற்றுவோம், அதில் மிஞ்சியது இரண்டு மூன்று நாளைக்குத் தோளில் நோவாகத் தெரியலாம், பிறகு போய்விடும்" என்றால் போதும். ஒரு நிமிடம்கூட எடுக்காது.

எத்தனை பேருக்கு வருகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. வழமையாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு 35 முதல் 80 சதவீதம் வரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் மூன்று பெண்களில் ஒருத்தி. இவ்வளவு பேருக்கு வரும் ஒன்றை அரிதான பக்கவிளைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த இரண்டு மூன்று நாள் என்ன விலை என்பதையும் நினைத்துப் பாருங்கள். மருதமுனையில் தறியில் இருப்பவளுக்குத் தோள்தான் தொழில். கைக்குழந்தை உள்ளவளுக்குப் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க வேண்டும். ஆழமாக மூச்சு விட்டால் குத்துகிறது என்று பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவளின் நுரையீரலில் சளி தேங்கும். எழுந்தால் நோகிறது என்று படுத்தே கிடப்பவளின் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். எழுந்து நடவுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள் என்று நாங்கள்தானே சொல்லி அனுப்புகிறோம்? அந்த இரண்டையும் செய்ய விடாமல் தடுக்கிற நோவுக்கு நாங்களே பொறுப்பு எடுக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம் என்பது. முதலில், மருந்தே தேவையில்லாத ஒன்று. வேலை முடிந்ததும் வாயுவை முழுமையாக வெளியேற்றுதல். தலை தாழ்ந்த நிலையிலேயே துளைக்குழாய்களின் வாயில்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மயக்க மருந்து நிபுணர் நுரையீரலை ஐந்து தடவை நன்றாக ஊதி நிரப்பினால் பிரிமென்றகடு கீழே இறங்கி, அடியில் பதுங்கிய வாயுவைத் துளைகளின் வழியே தள்ளிவிடுகிறது. ஆய்வுகளில் இதற்கு 40 முதல் 60 சென்ரிமீற்றர் நீர் அழுத்தம் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தோடு நிற்பதே நல்லது என்று நினைக்கிறேன். நுரையீரல் நோய் உள்ளவருக்கு இது பொருந்துமா என்பதை மயக்க மருந்து நிபுணரே தீர்மானிக்க வேண்டும். ஒரு சதமும் செலவில்லை, சில நிமிடங்கள் போதும். பட்டியல் நீளமான நாளில் வயிற்றைக் கையால் ஒருமுறை அமுக்கிவிட்டு அடுத்த தையலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கேட்கிறேன், அந்தச் சில நிமிடங்களைக் கொடுங்கள்.

இரண்டாவது, விறைப்பு மருந்து. இதில் நான் கூடுதல் நேரம் நிற்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு பழக்கம் இருக்கிறது. சிலர் துளைக் காயங்களில் மட்டும் ஊசி போடுகிறார்கள். அது காயத்தின் நோவுக்கு நல்லது, தோளுக்கு எதுவும் செய்யாது. சிலர் பிரிமென்றகட்டின் அடியில் மருந்தைத் தெளிக்கிறார்கள். நோவு பிறக்கும் இடம் அதுதானே என்பது அவர்கள் நியாயம். சிலர் வயிற்றறைக்குள் பொதுவாக விடுகிறார்கள். பலர் ஒன்றுமே செய்வதில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2019இல் வெளியானது. அது, பெண்நோயியல் லப்பரஸ்கோபிக்குப் பின்வரும் தோள் நோவைக் குறைக்கும் வழிகளை 32 ஆய்வுகளில், 3,000இற்கும் மேற்பட்ட பெண்களில் ஆராய்ந்தது. பிரிமென்றகட்டின் அடியில் மட்டும் தெளிப்பதற்குத் தெளிவான பலன் அதில் காணப்படவில்லை. வயிற்றறைக்குள் விடும் விறைப்பு மருந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் நோவின் கடுமையைக் குறைக்கக்கூடும் என்று கண்டது. வாயுவை முறையாக வெளியேற்றுவதற்கும், வயிற்றறையில் கொஞ்சம் திரவத்தை விட்டு வருவதற்கும், வடிகுழாய் வைப்பதற்கும் பலன் உண்டு என்றும் சொல்கிறது. வடிகுழாய்க்காக மட்டும் இன்னொரு அசௌகரியத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. வாயுவைச் சூடாக்கி ஏற்றுவதால் தோளுக்கு நன்மை வந்ததாகத் தெரியவில்லை. ஆதாரங்களின் தரம் பெரும்பாலும் குறைந்தது முதல் நடுத்தரம் வரைதான் என்பதையும் அதே தொகுப்பு ஒளிக்காமல் சொல்கிறது. மருந்தை ஊற்றிவிட்டால் நோவே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஆனால் இந்த ஆதாரத்தை ஒரு நோயாளியின் நாளோடு பொருத்திப் பாருங்கள். வயிற்றறைக்குள் விட்ட மருந்து சில மணித்தியாலங்களுக்குத்தான் வேலை செய்யும். அவள் கண் விழிக்கும் அந்த மாலை, முதன்முதலாக எழுந்து மலசலகூடம் போகும் அந்த நேரம், அதற்கு இந்த மருந்து. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் நோவுக்கு, உள்ளே வாயு எஞ்சாமல் பார்த்ததுதான் மருந்து. ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்றில்லை. இரண்டும் வேறு வேறு நேரத்துக்கு உதவுபவை. இரண்டையும் சேர்த்தே வழமையாக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோளின் மையம்.

மருந்தின் அளவு பற்றி ஒரு தாதியாகக் கொஞ்சம் கண்டிப்போடு பேச வேண்டியிருக்கிறது. வயிற்றறைச் சவ்வு விரிந்தது, இரத்த ஓட்டம் நிறைந்தது. அதில் விட்ட மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். பியூபிவகேயின் என்ற விறைப்பு மருந்துக்குப் பொதுவாக வைக்கும் எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். எங்கள் பெண்களில் பலர் மெலிந்தவர்கள். 48 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு மொத்தம் 96 மில்லிகிராம்தான். 0.25 சதவீத மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. துளைக் காயங்களுக்கு ஏற்கெனவே 20 மில்லிலீற்றர் போட்டிருந்தால் 50 மில்லிகிராம் போய்விட்டது. உள்ளே விடுவதற்கு மிஞ்சுவது 18 மில்லிலீற்றர் மட்டுமே. 0.5 சதவீதக் குப்பியைத் தவறி எடுத்தால் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். சிசேரியனுக்கு முதுகில் போடும் கனமான பியூபிவகேயின் குப்பி பக்கத்து அலமாரியிலேயே இருக்கும். அதை இதற்கு எடுக்கக் கூடாது. லிக்னோகெயின் என்ற இன்னொரு விறைப்பு மருந்தையும் சேர்த்துப் போடுகிறீர்கள் என்றால் இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றோடொன்று கூடும் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஆகவே, வயிற்றில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைக் கூடத்தில் சத்தமாகச் சொல்லி, நோயாளியின் டிக்கெட்டில் எழுதுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் மருந்தை விடும்போது தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து நிபுணருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் நரம்பை விறைக்க வைக்கும் வேறோர் ஊசியும் போட்டிருக்கலாம். விழிக்கும் அறைத் தாதிக்கும் சொல்லுங்கள். உதட்டைச் சுற்றி விறைப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், குழப்பம், வலிப்பு, இதயத் துடிப்பில் மாற்றம் ஆகியவற்றை அவர் எதிர்பார்த்து இருக்க முடியும். மயக்கத்தில் இருப்பவள் தன் உதடு விறைக்கிறது என்று சொல்ல மாட்டாள், அதனால் திரையில் இருந்து கண்ணை எடுக்க முடியாது. இந்த நச்சுத்தன்மையை முறிக்கக் கொடுக்கும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு கூடத்தில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இரவுக் கடமைக்கு வரும் தாதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது கையெட்டும் தூரத்தில் இல்லாத கூடத்தில் வயிற்றறைக்குள் விறைப்பு மருந்து விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மருந்து கிடைக்குமா என்ற கேள்வி எழும். 2022இல் வழமையான சத்திரசிகிச்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் புதிய கருவியோ வெளிநாட்டு மருந்தோ கேட்கவில்லை. பியூபிவகேயின் தட்டுப்பாடாக இருக்கும் வாரத்தில் அதைச் சிசேரியனுக்கு வையுங்கள், லப்பரஸ்கோபிக்கு வாயு வெளியேற்றும் முறையை மட்டும் செய்யுங்கள். வயிற்றுக்குள் ஏற்றும் அழுத்தத்தை, பார்வை தெளிவாக இருக்கும் எல்லைக்குள், எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்து வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது பரசிற்றமோலை "நோவு வந்தால் குடியுங்கள்" என்று கொடுக்காமல், முதல் இரண்டு நாள் நேரத்துக்கு நேரம் குடிக்கச் சொல்லுங்கள். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு மாத்திரை கூடுதலாகலாம் என்பதையும் கவனியுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு டைக்குளோபெனக் போன்றதையும் சேர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கையை எழுதாமல் விட முடியாது. தோள் நோவு என்றாலே வாயு என்று முத்திரை குத்திவிடும் பழக்கம் ஆபத்தானது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து பிரிமென்றகட்டை உறுத்தினாலும் அதே தோள்தான் நோகும். முகம் வெளிறி, நாடி வேகமாகி, தலைசுற்றி, வயிறு ஊதி வருகிறவளுக்கு வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்ப முடியாது. மூச்சுத்திணறலோடு நெஞ்சு நோவு, கெண்டைக்காலில் வீக்கம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று நோவு ஆகியவை உடனே பார்க்கப்பட வேண்டியவை. வழமையான தோள் நோவு எழுந்தால் கூடும், படுத்தால் குறையும், நாள் போகப்போகத் தணியும். அப்படித் தணியாதது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு சிறு தாளில் அச்சடித்து நோய் நிர்ணய அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள். அம்பாறைப் பக்கம் சிங்களத்திலும் வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதைத் துணைக்கு வந்த மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக, தாதிய சகோதரிகளிடம். நோவு அளக்கும் தாளில் இப்போது ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, நோவு பூச்சியம் முதல் பத்து வரை எவ்வளவு என்று. அதன் பக்கத்தில் தோளுக்கென்று இன்னொரு கட்டம் போடுங்கள். பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும், திணைக்களத்தில் இருந்து புதிய படிவம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுப்பி உட்கார வைத்தபின் ஒருமுறை கேளுங்கள். நாங்கள் கேட்காவிட்டால் எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள். மிஸியைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். மறுநாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்த எண்களைச் சேர்த்துக்கொண்டு வந்தால், வாயுவை முறையாக வெளியேற்றிய பட்டியலுக்கும் வெளியேற்றாத பட்டியலுக்கும், வயிற்றறைக்குள் மருந்து விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் எங்கள் மாவட்டங்களிலேயே என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சிறு ஆய்வு எதைக் கொடுப்பீர்கள்?

விசேட வைத்திய நிபுணர்களே, சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் ஒரு தடவை ஒன்றாக உட்கார்ந்து, வாயு வெளியேற்றும் முறை, மருந்தின் பெயர், செறிவு, கிலோவுக்கு எவ்வளவு, யார் கணக்கிடுவது, யார் எழுதுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினால் நிபுணர்கள் இடமாற்றமாகிப் போனாலும் அந்தத் தாள் அங்கே இருக்கும். அடுத்த லப்பரஸ்கோபிப் பட்டியலுக்கு முன் அதை எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.